தோழிக்கும் அவள் அம்மாவுக்கும் காட்டிய பினாங்கு

ஊரிலிருந்து யாராவது பினாங்குக்கு வருகிறார்கள் என்றால் முதலில் கேட்பது, "எத்தனை இடம் பார்க்கலாம்?" என்பதுதான். தீவு சின்னது. கார் இருந்தால் ஒரே நாளில் ஒரு சுற்று வந்துவிடலாம். அதனால் பெரிய பட்டியலாகவே போட்டுக் கொடுத்துவிட முடியும். நான் போடுவதில்லை. இங்கே குடிவந்து, வேலைக்குப் போய், இந்த ஊரை என் ஊர் என்று சொல்லப் பழகிய பிறகு, விருந்தாளிக்கு எதைக் காட்டுவது என்பதில் எனக்கு ஒரு தீர்மானம் இருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கே சீக்கிரமே மனசு ஒட்டிக்கொள்ளும். கடைத்தெருவில் தமிழ்ப் பாட்டு, மல்லிகைச் சரம், இட்லி, மாரியம்மன் கோயில் எல்லாம் கண்ணில் படும். "அட, நம்ம ஊர் மாதிரியே இருக்கே!" என்பார்கள். பலருக்குப் பார்ப்பது அதோடு முடிந்துவிடுகிறது. அந்த இடத்திலிருந்து அவர்களை இன்னும் கொஞ்சம் உள்ளே கூட்டிப்போவதுதான் இங்கே இருக்கிற நாம் செய்ய வேண்டியது. இந்த ஊர் இந்த ஊராகவே அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

சமீபத்தில் என் கல்லூரித் தோழி கும்பகோணத்திலிருந்து அம்மாவை அழைத்துக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் தங்கினாள். தோழி பள்ளியில் தமிழ் ஆசிரியை. அம்மாவுக்கு எழுபதை நெருங்கும் வயது, முட்டிவலி, சுத்த சைவம். இந்த மூன்றையும் வைத்துத்தான் நாங்கள் எல்லாத் திட்டமும் போட்டோம்.

அவர்கள் கிளம்பும் முன்பே சொல்லிவிட வேண்டியவை சில இருந்தன. 2023 டிசம்பரிலிருந்து இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை மலேசியாவில் தங்கலாம். கெடு வைத்து நீட்டிக்கிற சலுகை என்பதால், டிக்கெட் போடும்போது ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. விசா வேண்டாம் என்றாலும் மின்னிலக்க வருகை அட்டை ஒன்றை, வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பியாக வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. தேடிப் போகும்போது பணம் கேட்கிற தளங்களும் வந்து நிற்கும். அவை அரசுடையவை அல்ல. திரும்பிப் போகும் டிக்கெட், தங்கும் வீட்டின் முகவரி, நம் தொலைபேசி எண் மூன்றையும் காகிதத்தில் எழுதி, ஒரு பிரதியை அம்மாவின் கைப்பையில் தனியாக வைக்கச் சொன்னேன். குடிநுழைவு வரிசையில் வயதானவர்கள் தனியே நிற்க நேர்ந்தால் அந்தக் காகிதமே பேசிவிடும். 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானம் தொடங்கியது. கோலாலம்பூரில் இறங்கி மாறுகிற அலைச்சல் இல்லாமல் வருவது முட்டிவலிக்காரர்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பது அம்மாவைப் பார்த்தபோது தெரிந்தது.

அப்புறம் சின்னச் சின்ன விஷயங்கள். இங்கே சுவரில் இருப்பது சதுரக் கால் மூன்று கொண்ட பிளக்; இந்திய சார்ஜர் நேராகப் போகாது, மாற்றி வேண்டும். நேரம் நம்மூரைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. ஆனால் விடிவது ஏழு மணிக்கு மேல்தான். அதிகாலையில் எழுந்து பழகிய அம்மா இந்த ஊர்க் கடிகாரத்துக்கு ஏழரை மணிக்கு எழுந்து, இன்னும் வெளிச்சம் முழுதாக வரவில்லையே என்று ஜன்னலோரம் நின்றார். எழும் நேரமும் பசிக்கும் நேரமும் சரியாகிற வரை முதல் நாளை வெறுமனே விட்டுவிட வேண்டும். முதல் நாள் நாங்கள் வீட்டுக்குக் கீழே கடற்கரைப் பக்கம் நடந்ததோடு சரி.

நான் விடாப்பிடியாகக் கடைப்பிடிப்பது இது: காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, நடுப்பகலில் வீடு. பினாங்கு வெயில் தஞ்சாவூர் வெயில் அளவுக்குச் சுடாது, ஆனால் காற்றில் இருக்கும் ஈரம் ஆளை உருக்கிவிடும். பன்னிரண்டு மணிக்கு மேல் தீவின் பழைய நகரமான ஜார்ஜ்டவுனில் நடந்தால் எவ்வளவு அழகான தெருவும் பாரமாகிவிடும். பிற்பகலில் சொல்லாமல் மழையும் வரும். பகல் தூக்கம் போட்டு எழுந்தால், சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர்களே "எங்கே போகலாம்?" என்று கேட்பார்கள். அப்படிக் கேட்கும்போது கூட்டிப்போனால்தான் பார்த்தது மனதில் தங்கும்.

ஜார்ஜ்டவுனைக் காலில்தான் காட்ட வேண்டும். 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்த பகுதி இது. பெரும்பாலும் நடந்தே பார்த்துவிடக் கூடிய அளவுதான். கடைவீடுகளின் முன்னால் கூரையோடு ஓடுகிற நடைபாதையை இங்கே அஞ்சடி என்பார்கள். வெயிலுக்கும் மழைக்கும் அதற்குள்ளேயே ஒதுங்கிக்கொண்டு போகலாம். ஆனால் தரை ஒரே மட்டமாக இருக்காது. ஒவ்வொரு கடைக்கும் ஒரு படி ஏறி இறங்கும், நடுவில் மோட்டார் சைக்கிள் நிற்கும். வயதானவர்களின் இடது பக்கமோ வலது பக்கமோ ஒருவர் கூடவே நடக்க வேண்டும். நகரின் நடுப்பகுதியைச் சுற்றி இலவசப் பேருந்து ஒன்று ஓடுகிறது. கால் வலித்தால் ஏறிக்கொள்ளலாம். மற்றப் பேருந்துகளில் ஓட்டுநர் சில்லறை தரமாட்டார் என்பதால் சரியான காசு கையில் இருக்கட்டும். ரிங்கிட்டை இங்கே தமிழர்கள் வெள்ளி என்பார்கள். கடைக்காரர் "பத்து வெள்ளி" என்றால் பத்து ரிங்கிட் என்று முதல் நாளே சொல்லிவைத்துவிட்டேன்.

காலை எட்டரைக்கு குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலில் தொடங்கினோம். 1833இல் எழுந்த இது பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். அம்மா தரிசனம் முடித்து, பிரகாரத்தில் உட்கார்ந்து, ஒரு மூச்சு வாங்கிக்கொண்டார். அங்கிருந்து பின்பக்கத் தெருவுக்கு வந்தால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை. அந்த ஒரே சாலையில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. தேவாலயம் 1818இல் கட்டியது. பள்ளிவாசல் 1801இல் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தொடங்கியது. தஞ்சை, நாகை, இராமநாதபுரம் கரைகளிலிருந்து மரக்கலத்தில் வந்தவர்கள் இங்கே தெரு வைத்து, பள்ளிவாசல் கட்டி, கடை நடத்தியிருக்கிறார்கள். பிரான்சிஸ் லைட் 1786இல் இந்தத் தீவில் ஆங்கிலேயக் கொடியை ஏற்றிய சில ஆண்டுகளிலேயே சூலியா தெரு உருவாகிவிட்டது. தமிழர் என்றாலே ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர்கள் என்று ஊரில் நினைக்கிறோம். ரப்பர் இந்த நாட்டுக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே இங்கே தமிழ் வணிகர்கள் கல்லில் கட்டடம் எழுப்பியிருந்தார்கள். தோழி அந்தப் பள்ளிவாசலின் முன் நின்று ஆண்டை இரண்டு தடவை கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

குவான் யின் கோயிலில் அம்மா உள்ளே வருவாரா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. வாசலிலேயே ஊதுபத்திப் புகை கண்ணைக் கரிக்கும். அவர் தயங்கவே இல்லை. உள்ளே தன் வயதுள்ள ஒரு சீனப் பாட்டி, கையிலிருந்த கட்டிலிருந்து மூன்று ஊதுபத்தியை உருவி அம்மாவிடம் நீட்டினார். நெற்றிக்கு நேரே இரு கையாலும் பிடித்துக் காட்டி, மூன்று முறை தலை தாழ்த்தி, பித்தளைச் சாம்பல் தொட்டியில் ஒவ்வொன்றாகக் குத்தச் சொன்னார், எல்லாம் சைகையில். தொட்டியில் ஏற்கெனவே நெருக்கமாகப் பத்திகள் நின்றதால் அம்மாவின் மணிக்கட்டில் சூடான சாம்பல் விழுந்தது. பாட்டி அதைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. அன்று ராத்திரி ஊருக்குப் போன் போட்டபோது மலையையோ கடலையோ விட்டுவிட்டு அம்மா இதைத்தான் முதலில் சொன்னார்.

அங்கிருந்து சூலியா தெருவில் நாகூர் தர்கா இருக்கிறது. நாகூர் ஆண்டவர் பெயரால் 1800களின் தொடக்கத்தில் எழுந்தது. சின்னக் கட்டடம், பலர் கவனிக்காமல் கடந்துபோய்விடுவார்கள். கும்பகோணத்துக்காரர்களுக்கு நாகூர் எட்டிவிடும் தூரம். சந்தனக்கூட்டுக்கு இவர்கள் வீட்டிலிருந்தே போவார்கள். அந்தப் பெயரை இங்கே பலகையில் படித்ததும் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டார்.

பதினொன்றரைக்குள் வீடு திரும்பினோம். சுவரோவியங்கள், சீனர்களின் குலமாளிகைகள், கடல்மேல் கால்நட்ட மரவீடுகள் எல்லாம் இன்னொரு காலைக்கு. ஆர்மேனியன் தெருவில் 2012இல் வரைந்த சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள் ஓவியத்தருகே படமெடுக்க எப்போதும் வரிசை நிற்கும். ஒன்பது மணிக்கு முன்னே போனால் ஆளே இருக்காது.

இனி சாப்பாடு. பினாங்கின் பெருமையே இதுதான். சைவ விருந்தாளிக்கு இங்கே பெரிய கவனம் தேவைப்படுவதும் இதில்தான்.

தோழி அசைவம் சாப்பிடுவாள். அவளை நாசி கண்டாருக்குக் கூட்டிப்போனேன். தோளில் காவடித்தடி போட்டு, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகச் சுமந்து, துறைமுகத் தொழிலாளிகளுக்குத் தமிழ் முஸ்லிம்கள் விற்ற சாப்பாடு அது. கேம்பெல் தெருவில் 1907இல் தொடங்கிய ஹமீதியா இன்னும் நடக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறவர் தட்டில் சோற்றைக் கவிழ்த்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார். நீங்கள் கையைக் காட்ட வேண்டியதுதான். கோழி, மீன் தலை, கணவாய், வெண்டைக்காய், அவித்த முட்டை என்று தட்டு நிறையும். அதன் பிறகு அவர் கரண்டி ஓடுகிற வேகத்தைப் பார்க்க வேண்டும். கோழிக்குழம்பில் ஒரு முக்கு, மீன்குழம்பில் ஒரு முக்கு, பருப்பில் ஒரு முக்கு, கடைசியில் கருப்பாகக் கெட்டியான இறைச்சிக் குழம்பு ஒரு கரண்டி. எல்லாம் சோற்றின் மேல் விழுந்து, ஓரத்தில் சிவப்பும் நடுவில் கருப்பும் எண்ணெயுமாகப் பிரிந்து நிற்கும். நான்கு குழம்பு கலந்தால் எப்படி ருசிக்கும் என்று தோழி யோசித்தபடியே உட்கார்ந்தாள். முதல் கவளத்துக்குப் பிறகு பேச்சே இல்லை. ஒன்றை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்: பெரிய இறால், மீன்முட்டை, கணவாய் எல்லாம் விலை கூடுதல். கை காட்டும் முன் விலை கேட்பதில் ஒரு கூச்சமும் வேண்டாம், இங்கே எல்லோரும் கேட்பார்கள்.

அம்மாவுக்கு வேறு வழி. இந்த ஊரில் சைவம் என்றால் இறைச்சித் துண்டு இல்லாதது என்று மட்டும் பல கடைகளில் எடுத்துக்கொள்கிறார்கள். கீரைப் பொரியலில் பெலாச்சான் போட்டிருப்பார்கள். அது இறாலைப் புளிக்கவைத்து அரைத்த கட்டி. சம்பல் என்கிற மிளகாய்த் துவையல் எது வந்தாலும் அதில் அநேகமாக இது இருக்கும். சார் குவே தியாவ் என்கிற அரிசி நூடுல்ஸைப் பன்றிக்கொழுப்பில் வறுத்திருக்கலாம். ஆசாம் லக்சா என்கிற புளிப்பு நூடுல்ஸின் குழம்பே மீன்தான். ஒரு கடையில் "சைவம்தான்" என்று சொல்லியே கங்குங் கீரையைக் கொண்டுவந்து வைத்தார்கள். வாசனையிலேயே தெரிந்துவிட்டதால் தட்டைத் தள்ளிவைத்தோம். அதனால் "சைவமா?" என்று கேட்டால் போதாது. "பெலாச்சான் இருக்கா, மீன் சாஸ் இருக்கா, இறால் பொடி இருக்கா?" என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். மலாயில் "தா மாவ் பெலாச்சான்" என்றால் பெலாச்சான் வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள்.

அதே நேரம் சைவக்காரர்கள் இங்கே பட்டினி கிடக்க வேண்டியதில்லை. லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. அதைவிட அம்மாவுக்குப் பிடித்தது சீன பௌத்தர்களின் சைவக் கடைகள். முட்டைகூட இல்லாத கடைகள் பல. வெங்காயம் பூண்டு சேர்க்காத கடைகளும் உண்டு. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சீனர்கள் பலர் சைவம் சாப்பிடுவதால் அன்றைக்கு அந்தக் கடைகளில் கூட்டம் நெரியும். மீன் போலவும் கோழி போலவும் சோயாவில் செய்து வைத்திருப்பதைப் பார்த்து விருந்தாளி பயந்துவிடாமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அம்மா அதைத் தொடவில்லை. டோஃபு, காளான், கீரை, வெள்ளைச் சோறு என்று திருப்தியாகச் சாப்பிட்டார். கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருந்த முதலாளியம்மாள், இவர் வெங்காயம் சாப்பிடுவதில்லை என்று தெரிந்ததும் தானே எழுந்துபோய் சமையலறையில் சொல்லிவிட்டு வந்தார்.

தேநீர் விஷயத்தில் ஒரு சின்ன வார்த்தை உதவும். இங்கத்து ஆற்றிய தேநீரான தே தாரிக்கில் கெட்டிப்பால் ஊற்றுவதால் இனிப்பு தூக்கலாக இருக்கும். சர்க்கரை நோய் இருக்கிறவர்கள் "தே ஓ கோசோங்" என்று கேட்டால் பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர் வரும்.

எல்லாவற்றையும்விட நான் முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்வது மனிதர்களோடு பழகுவதைப் பற்றித்தான். நாசி கண்டார் கடையிலோ உணவகத்திலோ பரிமாறுகிற தம்பியிடம் "எந்த ஊர் தம்பி?" என்று கேட்டால், "இராமநாதபுரம் பக்கம்" என்று முகம் மலர்ந்து சொல்லலாம். வேலை அனுமதியில் வந்திருக்கும் பையன்களுக்கு அந்தக் கேள்வி இதமானது. அதே கேள்வியை இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களிடம் கேட்டால் வேறுவிதமாகப் படும். பினாங்கு தெருவில் பூக்கட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் தோழி கேட்டாள்.

"சொந்த ஊர் எதுக்கா?"

"பினாங்குதான்மா."

"அதுக்கு முன்னாடி?"

"தாத்தா சுங்கைப்பட்டாணி பக்கம் தோட்டத்துல இருந்தாரு. அப்பா இங்க வேலைக்கு வந்தாரு. நான் பொறந்தது இங்கதான்."

தோழி அதற்கு மேல் கேட்கவில்லை. நான் முதல் நாளே அவளிடம் சொல்லியிருந்தேன்: இவர்கள் மூன்றாம், நான்காம் தலைமுறை மலேசியர்கள். "இந்தியாவுக்குத் திரும்பிப் போவீங்களா?" என்பது நம் வாயில் சாதாரணமாக வந்துவிடும். இவர்களுக்கு அது, இது உங்கள் நாடு இல்லை என்று சொல்வதாகத்தான் கேட்கும். அவர்கள் பேசுகிற தமிழைத் திருத்துவதும் வேண்டாம். மலாய்ச் சொல்லும் சீனச் சொல்லும் கலந்து ஓடுகிற அந்தத் தமிழ், பள்ளிக்கூடம் வைத்துக் காத்த தமிழ். 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியது; 2016இல் இருநூறு ஆண்டு நிறைவைக் கொண்டாடினார்கள். இன்றைக்கு நாடு முழுக்க ஐந்நூறுக்கு மேல் தமிழ்த் தொடக்கப்பள்ளிகள் இருக்கின்றன, கணக்கும் அறிவியலும் தமிழில் சொல்லித்தருகிறார்கள். ஆசிரியையான தோழிக்கு இதுதான் பெரிய அதிசயமாக இருந்தது. ஒரு தமிழ்ப்பள்ளி விடும் நேரத்துக்கு வெளியே காரை நிறுத்திக் காத்திருந்தோம். பிள்ளைகள் வெளியே வந்து தமிழில் சண்டை போட்டு, கடைக்காரரிடம் மலாயில் ஐஸ் வாங்கி, மறுபடி தமிழில் சண்டையைத் தொடர்ந்தார்கள். அவள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பினாங்குக் கொடிமலைக்கு 1923இல் தொடங்கிய இழுவை ரயில் இருக்கிறது. 2011இல் வந்த புதிய பெட்டிகள் நடுவில் மாறாமல் நேராக மேலே கொண்டுபோய்விடும். காலையிலேயே போய்விட வேண்டும், வார இறுதியும் பள்ளி விடுமுறையும் தவிர்க்க வேண்டும். பராமரிப்புக்காக ரயிலை நிறுத்துகிற நாட்களும் உண்டு, பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மேலே குளிர்ந்த காற்று, முருகன் கோயில், பக்கத்திலேயே பள்ளிவாசல், கீழே தீவும் பாலமும். ஆயர் ஈத்தாமில் இருக்கும் கேக் லோக் சி பௌத்தக் கோயிலில் படிகள் அதிகம், ஆனால் 30 மீட்டருக்கு மேல் உயரமான வெண்கலக் குவான் யின் சிலைவரை போக மின்தூக்கி இருக்கிறது.

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி. 2012இல் மலைமேல் புதுக்கோயில் எழும்பிய பிறகு, இந்தியாவுக்கு வெளியே இருக்கும் மிகப் பெரிய முருகன் கோயில்களில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள். தோழியும் நானும் ஏறினோம். அம்மா அடிவாரத்துப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் நகரத்தார் 1857இல் கட்டிய தண்டாயுதபாணி கோயிலில் எங்களுக்காகக் காத்திருந்தார். அந்த மண்டபத்தின் குளிர்ச்சியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்ததே தனக்குப் போதும் என்றார். ஏற முடியாதவர்களை வற்புறுத்தி ஏற்றவும் வேண்டாம், காரில் உட்காரவைக்கவும் வேண்டாம். இப்படி ஓர் இடம் முன்பே யோசித்து வைத்திருந்தால் யாருக்கும் குறை இருக்காது. அருகிலிருக்கும் தாவரவியல் பூங்காவில் குரங்குகள் பையைப் பிடுங்கும். பழமோ பிஸ்கட்டோ கையில் வேண்டாம்.

கொஞ்சம் நேரம் ஒதுக்க முடிந்தால் தீவை விட்டு வெளியே ஒரு நாள் போக வேண்டும். எங்கே என்று கேட்டால் கடாரம் என்பேன். பினாங்குப் பாலத்தைக் கடந்து வடக்கே போனால் ஒன்றரை மணி நேரத்தில் கெடா மாநிலத்தின் மெர்போக். அங்கே ஜெராய் மலையடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம். 1025 வாக்கில் ராஜேந்திர சோழனின் கப்பற்படை வென்ற ஊர்களில் ஒன்றாகத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டு சொல்கிற கடாரம் இந்தப் பகுதிதான் என்பது ஆய்வாளர்களின் கருத்து. சோழ மண்ணிலிருந்து வருகிறவர்களுக்கு இதைவிட வேறென்ன காட்ட முடியும்?

ஆனால் போகும் வழியிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அங்கே கோபுரம் கிடையாது. புக்கிட் பத்து பாஹாட் கோயிலில் இன்று மிஞ்சியிருப்பது கல் அடித்தளம் மட்டும்; மரத்தூண்கள் நின்ற கற்களில் குழிகள் தெரியும். 1930களில் தோண்டியெடுத்து, 1960இல் கற்களைத் திரும்ப அடுக்கினார்கள். பக்கத்தில் ஓடை சலசலத்துக்கொண்டிருக்கும். கட்டடக்கலையிலும் கிடைத்த பொருள்களிலும் இந்திய மரபு தெரிகிறது, ஆனால் கட்டியவர்கள் இந்த மண்ணின் மக்களும்தான். இதை முழுக்க "நம்ம சோழர் கட்டியது" என்று சொல்லிவிடுவது சரியில்லை. ராஜேந்திரன் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இந்தத் துறைமுகம் சீனாவோடும் அரபு நாட்டோடும் வணிகம் செய்துகொண்டிருந்தது. அருகில் சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்திருக்கின்றன. படை வந்து போனது ஒரு காலத்தில். அதற்கு முன்னும் பின்னும் ஊர் ஊராகவே இருந்திருக்கிறது. தோழி அடித்தளத்தைச் சுற்றி வந்தாள், தூண் குழியில் விரலை விட்டுப் பார்த்தாள். தன் வகுப்புக்கு வேண்டும் என்று வீடியோ எடுத்துக்கொண்டாள்.

திரும்பும்போது பாலத்திலிருந்து ஜெரஜாக் தீவைக் காட்டினேன். தோட்டங்களுக்கு ஆள் கட்டி வந்த கப்பல்களிலிருந்து இறங்கியவர்களை நோய் இல்லை என்று தெரிகிற வரை அங்கேதான் தங்கவைத்தார்கள். அம்மாவின் தெருவில் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து போனவர்கள் உண்டாம். அவர்களில் ஒரு பெரியவர் தீபாவளிக்குப் பணம் அனுப்பிக்கொண்டே இருந்து, பிறகு கடிதம் நின்றுபோனதாகச் சொன்னார். அடுத்த நாள் சாயங்காலம் அதற்காகவே படகுத்துறைக்குப் போய், எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்குப் படகேறி வந்தோம். கார்களை ஏற்றிப்போன பழைய பெரிய படகுகள் ஓய்வுபெற்று, 2023இலிருந்து ஆட்களும் இருசக்கர வண்டிகளும் மட்டும் ஏறும் புதுப் படகுகள் ஓடுகின்றன. சொற்பக் காசு, ஜார்ஜ்டவுனைக் கடலிலிருந்து பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை.

ஊருக்கு வாங்கிப்போக ஜாதிக்காய்தான் இங்கத்துப் பொருள். சௌராஸ்தா சந்தையில் உலர்த்தியது, ஊறவைத்தது, தைலம் எல்லாம் கிடைக்கும். பினாங்கின் பருப்புப் பூரண பிஸ்கட் பிரபலம். ஆனால் பழைய முறையில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள், சைவ வீட்டுக்கு வாங்கினால் கேட்டு வாங்க வேண்டும். ஜூன் வாக்கில் வந்தால் பாலிக் புலாவில் டுரியான் சாப்பிடலாம். அதை விடுதிக்குள்ளும் பேருந்திலும் விடமாட்டார்கள், தோட்டத்திலேயே சாப்பிட்டு முடித்துவிட வேண்டியதுதான்.

அடுத்து தைப்பூசத்துக்கு வருவதாகத் தோழி சொல்லியிருக்கிறாள். வர நினைக்கிறவர்கள் ஜனவரி, பிப்ரவரியில் எந்தத் தேதி என்று பார்த்து முன்கூட்டியே அறையையும் டிக்கெட்டையும் பிடித்துவிடுங்கள். முந்தின நாள் விடியற்காலை நகரத்தாரின் வெள்ளித் தேர் பினாங்கு தெருவிலிருந்து கிளம்பும். 2017இலிருந்து குயின் தெரு மாரியம்மன் கோயிலிலிருந்து தங்கத் தேரும் கிளம்புகிறது. தேர் வரும் வழியெல்லாம் தமிழரும் சீனரும் குவித்து வைத்து உடைக்கிற தேங்காய், சாலையில் ஓடு கணுக்கால் வரை கிடக்கும். கெட்டியான செருப்பு வேண்டும், கார் உள்ளே போகாது. அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பதற்கு, தேர் போகும் வழியில் தண்ணீர்ப்பந்தல் போடுகிற எங்கள் தெரிந்தவர்களிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.